ஒரு வீடு, ஐந்து நாக்கு: எத்தனை சமையல் செய்வது?

செவ்வாய்க்கிழமை இரவு. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், சாதம். சாப்பிட ஐந்து பேர். தாத்தாவுக்குக் காரம் ஆகாது, உப்பும் குறைவாக வேண்டும். அப்பா கத்திரிக்காயைத் தொடமாட்டார். ஐந்து வயதுப் பையன் கடுகையும் கறிவேப்பிலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். பொறுக்கி முடிப்பதற்குள் சாதம் ஆறிப்போகும், அவனும் எழுந்து ஓடிவிடுவான். கல்லூரிக்குப் போகும் அக்கா ஆறு மாதமாகக் கறி, மீன், முட்டை எதையும் சாப்பிடுவதில்லை. ஐந்தாவது ஆள் சமைக்கிற அம்மா. அவருக்கு எது பிடிக்காது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஐந்து வழிகள் உண்டு. எல்லாருக்கும் ஒரே சமையல், சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது ஒன்று. ஆளுக்கொன்று சமைப்பது இன்னொன்று. பிடிக்காததை அரைத்து மறைத்துக் கொடுப்பது, ஒரே சமையலை இடையில் பங்கு பிரித்து வேறுவேறாக முடிப்பது, வேண்டாதவர்களுக்கு என்று ஒரே ஒரு மாற்றுச் சாப்பாட்டை எப்போதும் வைத்திருப்பது ஆகியவை மற்ற மூன்று. ஐந்தையும் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சமையலிலேயே வைத்துப் பார்ப்போம். எத்தனை நிமிடம், எத்தனை பாத்திரம், எங்கே கெட்டுப்போகும் என்பதே அளவுகோல். பாசத்தை வைத்து அளந்தால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும்.

'பிடிக்கல' என்பது ஒரு சொல், ஐந்தாறு காரணம்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கத்திரிக்காய் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்கு அதன் ருசியோடு சண்டை இல்லை. வெந்து குழைந்த வழவழப்பும், நாக்கில் ஒட்டும் தோலும்தான் பிரச்சினை. அதையே எண்ணெய்க் கத்திரிக்காயாக வதக்கினால் சாப்பிடுவார்கள். வெண்டைக்காய்க்கும் இதே கதை. பாகற்காயும் சில கீரைகளும் வேறு ரகம்: கசப்பை உணரும் திறன் மரபணுவாலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் நாக்குக்கு லேசான கசப்பு, பிள்ளையின் நாக்குக்கு மருந்தாக இருக்கலாம். கொத்தமல்லித் தழையில் சோப்பு வாசனை அடிக்கிறது என்பவர்களும் கதை விடவில்லை. அந்த வாசனையைப் பிடிக்கும் மூக்கு சிலருக்கு இருக்கிறது.

குழந்தைகளிடம் இன்னொன்றும் உண்டு: கலப்பு. சாதம் தனி, பருப்பு தனி, காய் தனி என்றால் சாப்பிடுகிற பிள்ளை, மூன்றையும் பிசைந்தால் வாயை மூடிக்கொள்ளும். பிசைந்து ஊட்டுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம் என்பதால் இந்தக் காரணம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு வாரம் பிசையாமல் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வயதும் கணக்கில் வர வேண்டும். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோவைத் தொடும். அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையும். 'போன வருஷம் நல்லா சாப்பிட்டான், இப்பதான் இப்படி' என்ற புலம்பல் பெரும்பாலும் உண்மை, பெரும்பாலும் இயல்பு. இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் புதிய உணவைக் கண்டால் மிரளுவதும் அதிகம்.

கொள்கைக்காகத் தவிர்ப்பதும் உடம்புக்காகத் தவிர்ப்பதும் இந்தக் கணக்கிலேயே சேராதவை. அக்கா கறியை விட்டது நாக்கின் விஷயம் அல்ல. தாத்தாவின் உப்பும் அப்படித்தான். இவற்றில் பழக்கப்படுத்துவது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்பாடு செய்துகொடுப்பது ஒன்றுதான் வேலை.

கட்டாயம்: மலிவு, ஆனால் கடன்

'இதுதான் சமையல், சாப்பிட்டா சாப்பிடு' என்ற வழிக்குக் கூடுதல் பாத்திரம் வேண்டாம், கூடுதல் நிமிடமும் வேண்டாம். அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் யாரும் அங்கே நிற்பதில்லை. அடுத்து 'இன்னும் மூணு வாய்', பிறகு 'முடிச்சா சாக்லேட்', பிறகு மொபைல், கடைசியில் பூச்சாண்டி.

லஞ்சம் ஏன் பலிக்காது என்பதை அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியலாளரின் குழு 1984-ல் சோதித்துக் காட்டியது. பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு புளித்த பால் பானம், நம் மோருக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் போகப்போக அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. வெறுமனே திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. பரிசு கொடுத்தால்தான் உள்ளே போகும் பொருள் மோசமான பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. தப்பான கணக்கு என்று சொல்ல முடியுமா?

மொபைலைக் காட்டி ஊட்டினால் தட்டு காலியாகும். ஆனால் என்ன சாப்பிட்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்பது இரண்டும் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். நூறு நாள் வெண்டைக்காய் ஊட்டியிருந்தாலும், மொபைல் இல்லாத நூற்றோராவது நாளில் அது புதிய காய்தான்.

இந்த வழியில் இன்னொரு ஓட்டை இரவு ஒன்பது மணிக்குத் தெரியும். சாப்பிடாமல் படுத்த பிள்ளைக்கு மனசு கேட்காமல் ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள். எட்டு மணிக் கண்டிப்பு ஒன்பது மணிப் பாலில் கரைந்தது. பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டது, ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் இனிப்பான பால் வரும் என்பதைத்தான்.

ஆளுக்கொன்று: இரண்டு பர்னரில் முடியாத கணக்கு

தாத்தாவுக்கு ரசம், அப்பாவுக்கு உருளைக்கிழங்கு, பையனுக்குத் தோசை, மற்றவர்களுக்குச் சாம்பார். தோசைக்கல் காயவும் மூன்று தோசை வார்க்கவும் 15 நிமிடம். உருளைக்கிழங்கு வெந்து வறுபட 20 நிமிடம். இரண்டு பர்னர் அடுப்பில் இவை வரிசையில்தான் நிற்கும். கடைசித் தோசை இறங்கும்போது முதலில் செய்த சாம்பார் ஆறியிருக்கும். சமைத்தவர் எல்லாரும் எழுந்த பிறகு தனியாக உட்காருவார். வாரத்துக்கு ஏழு இரவு இதைச் செய்ய முடியாது. முடியாத நாளில் 'உங்களுக்கெல்லாம் சமைச்சே நான் செத்தேன்' என்று ஒரு வெடிப்பு, அதற்கு மறுநாள் பரிகாரமாக எல்லாருக்கும் பிடித்தது. இது ஒரு சுழல்.

குழந்தைக்கு இதில் வேறொரு நஷ்டம். தினமும் தோசை கிடைக்கிற பிள்ளைக்கு மற்றதைப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். பட்டியல் விரியாது, சுருங்கும். ஒரு நாள் தோசையும் சலித்துவிடும். அன்றைக்கு அந்த இடத்தை நிரப்ப ஒன்றும் இருக்காது.

ஆனாலும் இந்த வழியை அறவே ஒதுக்க முடியாது. ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கொள்கை ஆகிய மூன்றுக்கும் தனிச் சமையல்தான் சரி. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு 'மேலாப்ல எடுத்துப் போட்டேன்' என்பது சமாதானம் ஆகாது. அதே கரண்டி போதும், அவசர சிகிச்சை வரை கொண்டுபோய்விட.

மறைத்துக் கொடுப்பது

பீட்ரூட்டைத் துருவிச் சப்பாத்தி மாவில், கீரையை அரைத்துத் தோசை மாவில், காரட்டைப் பருப்போடு வேகவைத்துக் கடைந்து சாம்பாரில். இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு சிறிய பீட்ரூட் தாங்கும். அதற்கு மேல் போனால் மாவு நீர்த்துச் சப்பாத்தி தடிமனாகும், மண் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சத்து உள்ளே போகிறது என்பது உண்மைதான். கெடுவது வேறு இடத்தில். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை வெறுப்பது பீட்ரூட்டை மட்டுமில்லை, சப்பாத்தியையும்தான். நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பொருளில் ஒன்று போயிற்று. கண்டுபிடிக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் பீட்ரூட்டின் முகம் அதற்குத் தெரியாது, பெரியவனானதும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளாது. இதற்கு எளிய திருத்தம் உண்டு: மறைக்காமல் கலப்பது. 'இன்னிக்குச் சிவப்புச் சப்பாத்தி, பீட்ரூட் போட்டது' என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் அது ஏமாற்று அல்ல, பலகாரம்.

பெரியவர்களிடம் இதைச் செய்யவே கூடாது. சைவத்துக்கு மாறிய பெண்ணின் ரசத்தில் கறி வேகவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, 'தெரிஞ்சுதா பாரு' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் வீட்டில் எதையும் நிம்மதியாகச் சாப்பிடமாட்டாள்.

பிரித்து முடிப்பது: சாம்பாரை நாலு கட்டமாகப் பார்த்தால்

நம் சமையலுக்கென்றே ஏற்பட்ட வழி இது. குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாமே படிப்படியாகக் கட்டப்படுபவை: வேகவைத்தல், புளிப்பு, காரம், தாளிப்பு. எந்தப் படியில் யாருக்குத் தகராறோ, அதற்கு முந்தைய படியில் அவர் பங்கை எடுத்துவிட்டால் போதும்.

ஐந்து பேருக்குத் துவரம்பருப்பு 150 கிராம், ஏறத்தாழ முக்கால் கப். மஞ்சள்தூளும் மூன்று பங்குத் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் நாலைந்து விசில். மேல் அடுக்கில் சாதம். பருப்பைக் கடைந்ததும் முதல் நிறுத்தம். இரண்டு கரண்டிப் பருப்பைப் பையனின் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி நெய், நசுக்கிய சீரகம் கொஞ்சம். அவன் சாப்பாட்டில் பாதி தயார்.

அடுத்தது காய். கத்திரிக்காயைப் பருப்போடு வேகப்போட்டால் கரைந்து, தோல் குழம்பு முழுக்கச் சுற்றும். அப்பா கரண்டியால் துழாவித் துழாவி முகம் சுளிப்பார். நீளவாக்கில் நாலாக வகிர்ந்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு தோல் சுருங்கும்வரை வதக்கிச் சேருங்கள். பெரிய துண்டு என்பதால் ஒதுக்கி ஊற்றுவது எளிது. வதங்கியது என்பதால் உருவம் குலையாது. முருங்கைக்காய் விரல் நீளத் துண்டுகள்.

மூன்றாவது காரம். சிறிய எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, மொத்தச் சாம்பார்ப் பொடி இரண்டு தேக்கரண்டி என்றால் முதலில் ஒன்று மட்டும் போடுங்கள். உப்பையும் பாதியே போடுங்கள். ஆறேழு நிமிடம் கொதித்துப் புளியின் பச்சை வாசனை போனதும் தாத்தாவின் பங்கை எடுத்துவிட்டு, பிறகுதான் மீதிப் பொடியும் உப்பும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: கடைசியில் பொடியைத் தூவி உடனே இறக்கினால் குழம்பு முழுவதும் பச்சைப்பொடி நாறும். இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட நேரமில்லை என்றால், தாளிக்கும் எண்ணெயில் அடுப்பை அணைத்த பிறகு பொடியைப் போட்டு, பத்து வினாடி புரட்டிக் கொட்டுங்கள். அடுப்பு எரியும்போதே போட்டால் கருகிக் கசக்கும்.

கடைசியாகத் தாளிப்பு. கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை பொரிந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மட்டும் டீ வடிகட்டியில் வடித்துப் பையனின் பருப்பில் விடுங்கள். எவர்சில்வர் வடிகட்டியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். வாசனை முழுக்க எண்ணெயில் இறங்கியிருக்கும், பொறுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. சில மாதம் இந்த வாசனை பழகிய பிள்ளைக்குக் கறிவேப்பிலை அந்நியமாக இருக்காது. அதைச் சாப்பிடுவானா என்பது வேறு விஷயம். பெரியவர்களில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்?

வெண்டைக்காயில் பிரிப்பதைவிட, வழவழப்பு வராமல் செய்வதுதான் காரியம். அந்தக் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து விரிவது. அதனால் முழுக்காயாகவே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். துண்டு இரண்டு சென்டிமீட்டராவது இருக்கட்டும். பொடியாக வெட்ட வெட்டக் கொழகொழப்பு கூடும். அகலமான இரும்பு வாணலி, 400 கிராம் காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தணல், மூடி வேண்டாம். மூடினால் நீராவி திரும்ப விழுந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் கிளறாதீர்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுக்கும் என்பதால் இறக்குவதற்கு முன்புதான் போட வேண்டும். புளித்த தயிர் ஒரு தேக்கரண்டி விட்டால் மிச்சமிருக்கும் பிசுபிசுப்பும் போகும். எல்லாருக்கும் எடுத்த பிறகு ஒரு கைப்பிடியை அதே வாணலியில் இன்னும் நாலு நிமிடம் மொறுமொறுப்பாக விட்டால், அது வேறு பண்டம்.

கூடுதல் செலவு என்ன? இரண்டு கிண்ணம், ஒரு வடிகட்டி, எட்டு நிமிடம். ஆளுக்கொன்று சமைத்திருந்தால் ஆகியிருக்கும் 35 நிமிடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கும் இதே முறைதான், ஆனால் வரிசை முக்கியம். 750 கிராம் கோழிக்கு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலா எல்லாம் வதக்கி எண்ணெய் பிரிந்ததும், கோழி உள்ளே போவதற்கு முன் மூன்றில் ஒரு பங்கைத் தனிச் சட்டிக்கு மாற்றுங்கள். அதில் காளான் என்றால் எட்டு நிமிடம். மீல் மேக்கர் என்றால் 50 கிராமைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போட்டால் பத்து நிமிடம். பிழியாமல் போட்டால் ஊறிய தண்ணீரின் வாடை குழம்பில் இறங்கும். கரண்டி தனி. மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. கறி சமைத்த பாத்திரம் கழுவிய பிறகு சம்மதமா என்பதை அக்காவிடம் ஒரு முறை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. சிலருக்குப் பரவாயில்லை, சிலருக்கு ஆகாது. ஊகித்துக்கொண்டு செய்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான்.

பிரிக்க முடியாத சமையலும் உண்டு. பிசிபேளாபாத், பிரியாணி, வத்தக்குழம்பு, மீன்குழம்பு. எல்லாம் முதலிலிருந்தே ஒன்றாகக் கூடி வருபவை. இடையில் எடுத்தால் அரைகுறையாகத்தான் கிடைக்கும். அந்த நாட்களுக்குத்தான் ஐந்தாவது வழி.

ஒரே ஒரு மாற்று, அடுப்பு பற்றவைக்காமல்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி மதிய உணவில் இது ஏற்கெனவே நடக்கிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஏன் வேண்டாம் என்ற விசாரணை இல்லை, தனிச் சமையலும் இல்லை. நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு நடுவே இது ஓடுகிறதென்றால், மாற்று ஒன்றே ஒன்று என்பதாலும் அதற்கு அடுப்பு வேண்டாம் என்பதாலும்தான்.

வீட்டு மாற்றுக்கும் அந்த இரண்டு நிபந்தனையும் வேண்டும். கூடவே மூன்றாவதாக ஒன்று: அன்றைய சமையலைவிட ஆசையைக் கிளப்புவதாக இருக்கக் கூடாது. நூடுல்ஸ் இதில் தோற்கும். அடுப்பும் வேண்டும், ஆசையும் கிளப்பும். ரொட்டியும் ஜாமும் இனிப்பினால் தோற்கும். தோசை மாவு எப்போதும் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் யாராவது எழுந்து வார்க்க வேண்டும். பால் எல்லாவற்றிலும் மோசம். மெல்ல வேண்டாம், சட்டென்று வயிறு நிறையும், அடுத்த வேளைப் பசியையும் தின்றுவிடும்.

தேறுபவை இரண்டு. ஒன்று தயிர்சாதம்: ஒரு கப் சாதத்துக்கு அரைக் கப் தயிர், உப்பு. புரதமும் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும், இரும்புச்சத்து அநேகமாகக் கிடைக்காது. அதனால் வாரத்தில் பத்து வேளை இதுவே என்றால் சரிவராது. இன்னொன்று பருப்புப்பொடி சாதம், நெய்யோடு. துவரம்பருப்பு 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு. துவரையை எண்ணெய் விடாமல் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, முழுதாக ஆறிய பிறகு பொடிக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் மிக்ஸியில் ஈரம் கோத்துக் கட்டி தட்டும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். உலர்ந்த பாட்டிலில் மூன்று, நான்கு வாரம் நிற்கும். இரண்டில் பொடிதான் ஒரு படி மேல்.

மாற்று எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி. பிள்ளை மறுத்த பிறகு கெஞ்சலாக நீட்டினால் மறுப்பதற்குக் கிடைத்த கூலி ஆகிவிடும். உட்காரும்போதே எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் தரையிலோ மேஜையிலோ இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அப்பா உட்பட. எடுப்பவரைப் பார்த்து முகத்தைத் தூக்கக் கூடாது. எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோர் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை என்று எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பங்கீட்டுக்கு நம் வீட்டு வடிவம் இது.

இவையெல்லாம் பலிக்கப் பசி வேண்டும்

நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கிலோ கலோரி போதும். 200 மி.லி. பாலில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் 160-ஐத் தாண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நாள் தேவையில் கால் பங்கு டம்ளரிலேயே முடிந்தது. அதோடு ஆறரை மணிக்குப் பிஸ்கட். எட்டு மணிக்குப் பையன் வெண்டைக்காயைத் தள்ளுவது விருப்பமின்மை அல்ல, வயிறு நிறைந்த ஆளின் இயல்பு. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்துள்ள உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது.

அளவும் மிரட்டக் கூடாது. ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது உத்தேசக் கணக்கு. ஐந்து வயதுக்கு ஐந்து மேசைக்கரண்டி சாதம், பழகிய காயில் அதற்குள். புதிய காய் என்றால் அரைத் தேக்கரண்டி, தட்டின் ஓரத்தில், வேறெதையும் தொடாமல். துப்பத் தோன்றினால் துப்ப ஒரு கிண்ணம். பத்துப் பதினைந்து தடவை இப்படித் தட்டில் வந்துபோன பிறகுதான் 'பிடிக்காது' என்று எழுத வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பள்ளிக்கூட டப்பாவில் மட்டும் சோதனை வேண்டாம். அங்கே நேரமும் குறைவு, பக்கத்துப் பிள்ளைகளின் மூக்கும் உண்டு. பழகிய சாப்பாடே போகட்டும். புதியது சனி, ஞாயிறு மதியத்துக்கு.

பெரியவர்களுக்கும் ஒரு பட்டியல்

45 வயதில் கத்திரிக்காய் வேண்டாம் என்கிறவரைத் திருத்துவது யாருடைய வேலையும் இல்லை. ஆளுக்கு மூன்று 'வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மூன்றுக்கு மேல் கிடையாது. நாலாவதைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை அடிக்க வேண்டும். பட்டியலில் உள்ளது சமைக்கப்படும், ஆனால் அன்றைக்கு இன்னொரு தொடுகறி கட்டாயம் உண்டு. சமைக்கிறவருக்கும் மூன்று. அவருக்குப் பிடிக்காததைச் சமைக்கிற நாளில் அவருக்கான தொடுகறியை வேறொருவர் செய்ய வேண்டும். அப்பளம் சுடுவது, தயிர்ப்பச்சடி கலப்பது எல்லாம் ஐந்து நிமிட வேலை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பதிலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: தட்டின் முன்னால் 'உவ்வே' கிடையாது. எடுக்காமல் இருக்கலாம், விமர்சிக்கக் கூடாது. பையன் கத்திரிக்காயை ருசி பார்ப்பதற்கு முன்பே அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பான்.

வழிகளால் தீராதவை

சில சமயம் இது விருப்பம் சார்ந்தது அல்ல. பச்சரிசி, சாக்பீஸ், மண், விபூதி என்று தின்னத் தேடுகிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். மலச்சிக்கலும் குடற்புழுவும் பசியைக் கெடுக்கும். ஒரு குறிப்பிட்ட உணவு பட்டதும் வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி வந்தால் அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழக்கப்படுத்தக் கூடாது. எடை ஏறாமல் நிற்பது, கெட்டியான எதையும் விழுங்கும்போது புரையேறுவது, ஏற்றுக்கொள்ளும் உணவுகள் மாதத்துக்கு மாதம் உதிர்ந்து பத்துக்கும் கீழே வருவது, இவை மூன்றும் குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டியவை. உடல் எடையைப் பற்றிய கவலையே இல்லாமல், உணவின் தன்மைக்கோ விழுங்கும் பயத்துக்கோ ஒதுங்கிக் கடுமையாகச் சுருங்கிப்போகும் நிலை 2013-ல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 'ஆர்ஃபிட்' என்ற பெயரில் தனிக் கோளாறாகவே இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளிடம் 'பசிச்சா தானா சாப்பிடுவான்' என்பது பலிக்காது.

எதை எடுப்பது?

பெரும்பாலான வீடுகளுக்கு நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்த கலவைதான் எங்கள் பரிந்துரை: முடிந்த நாளில் பிரித்து முடிப்பது, முடியாத நாளில் பருப்புப்பொடி. இரண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழரை மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத்தில் பிரிப்பதற்குக்கூட நேரம் இருக்காது. அங்கே ஐந்தாவதை மட்டும் வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் பிரித்தால் போதும். மாமியாரும் மருமகளும் மாறி மாறிச் சமைக்கிற வீட்டில் எந்த வழியானாலும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் பொடிசாதம் என்று நிற்க, இன்னொருவர் பின்கட்டில் நூடுல்ஸ் கிண்டினால் பிள்ளை அதை அரை நாளில் கண்டுபிடித்துவிடும்.

முதல் வாரம் தடுமாறும் என்பதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். மூன்றாம் நாள் பையன் பொடிசாதம் மட்டும் சாப்பிடுவான், நாலாம் நாளும் அதுவே. இரண்டு வாரம் கழித்தும் வாரத்தில் ஐந்து இரவு மாற்றுதான் ஓடுகிறது என்றால், குறை பிள்ளையிடம் இல்லை. அன்றன்றைய சமையலில் அவனுக்குத் தெரிந்த பண்டம் ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். வெறும் சாதம், அப்பளம், வெள்ளரிக்காய் வில்லை, எதுவோ ஒன்று பழகியது தட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜ் தாளை எடுத்து எல்லாரும் சேர்ந்து பார்த்து, அடிக்க முடிந்ததை அடியுங்கள். அப்பாவின் கத்திரிக்காய் அநேகமாக அங்கேயே இருக்கும்.